நாட்டு அதிவிடயம்: வைகைச் சேற்றிலிருந்து மருந்துக் கடைக்கு

கிரிப்டோகொரைன் என்பது சேம்புக் குடும்பத்தில் அடங்கும் ஒரு சதுப்புச் செடிப் பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி, தென்கிழக்காசியா வழியாக நியூகினி வரை அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவியிருக்கிறது. ஓடும் தண்ணீரில் பாறை இடுக்கைப் பற்றி வளர்பவை உண்டு; கடல் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளர்பவையும் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியின் வயலோரம், வாய்க்கால் கரை, குளத்து விளிம்பு ஆகியவற்றுக்கு உரிய இனம் கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ். அதன் உலர்ந்த கிழங்குக்கு நாட்டு மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று பெயர். அதே குடும்பத்துச் சேம்பும் கருணையும் அடுப்படிக்குப் போயின. முன்பு இக்குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்டு, இப்போது தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டுவிட்ட வசம்பு, பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போனது. இந்தச் செடி மட்டும் இன்னொரு மருந்து கிடைக்காதபோது அதன் இடத்தை நிரப்பவே கடைக்குப் போனது. ஆகவே இதன் வரலாறு பாதி மருந்து வணிகத்திலும் பாதி கண்மாய்ப் பாசனத்திலும் கிடக்கிறது.

பூக்காத நாளில் பார்த்தால் ஏதோ ஒரு கோரை என்றுதான் தோன்றும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமுள்ள ஒடுங்கிய இலைகள் தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பும். இளம் இலை ஒரே பக்கமாகச் சுருண்டு வெளிவரும். இரண்டு விளிம்பும் நடு நரம்பை நோக்கிச் சுருண்டிருந்தால் அது இதன் நெருங்கிய உறவான லாகெனாண்ட்ரா. பூ இல்லாமலே இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு குறி போதும். பூக்கும் காலத்தில் மண்ணை ஒட்டி ஒரு மடல் எழுகிறது. மடலின் அடி ஒரு மூடிய சிறு குடம். குடத்தின் அடியில் பெண் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வட்டமாக நிற்க, அவற்றுக்கு மேல் மெல்லிய காம்பில் ஆண் பூக்கள் இருக்கும். குடத்துக்கு மேலே மடல் முறுக்கிய கயிறுபோலத் திருகி நீள்கிறது. உட்புறம் கருஞ்சிவப்பாகவும் குறுக்கு வரிகளோடும் இருக்கும். வாடையை மோந்து வரும் சிறு பூச்சி குடத்துக்குள் இறங்கிவிட்டால் உடனே ஏற முடியாது. உள்ளேயே தங்கி, ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்த்த பிறகு அதைப் பூசிக்கொண்டு வெளியேறும். காய் முற்றியதும் மேலிருந்து நட்சத்திர வடிவில் பிளக்கும். விதைகள் தண்ணீரோடு போய்விடும்.

கடைக்குப் போவது மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தடித்த தண்டுக்கிழங்கு. உதிர்ந்த இலைகளின் தழும்புகள் அதன்மேல் வளையம் வளையமாக நிற்கும். காய்ந்த பிறகும் அந்த வளையங்கள் மறைவதில்லை.

இச்செடியின் ஆண்டுக் கணக்கைத் தண்ணீரே எழுதுகிறது. மழைக்காலத்தில் இலைகள் தண்ணீருக்குள் நிற்கும். தண்ணீர் வடிந்து சேறு வெளிப்படும்போது பூக்கும். கோடையில் இலை கருகிப்போக, வெடித்த களிமண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் சம்பும் பெருஞ்சேம்பும் ஓங்கி வளர்ந்து இதை அமுக்கிவிடும். தண்ணீரே எட்டாத இடத்தில் இதற்குப் பிழைப்பில்லை. ஆறு மாதம் ஈரம், ஆறு மாதம் காய்ச்சல் என்ற நிலந்தான் இதற்கு வாகானது. மதுரைச் சமவெளியின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசியிலும் அதை ஒட்டிய மாதங்களிலுமே கொட்டிவிடுகிறது. அந்தத் தண்ணீரைத் தேக்கி ஒரு போகம் நெல் எடுத்துவிட்டு, மீதி நாள் காய்ந்து கிடந்த நாடு இது. உழவருக்கு அது குறை. இச்செடிக்கு அதுவே வாழ்வு.

கோச்சடை அத்தகைய நிலத்தின் நடுவில் இருந்த ஊர். மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையில், துவரிமானுக்கும் மேலக்காலுக்கும் போகும் சாலையில் இருக்கிறது. வடக்கே ஆறு, தெற்கே மாடக்குளம் கண்மாய், இடையில் வாய்க்கால்களும் நஞ்சையும். மாடக்குளத்தின் பழமைக்குப் பாண்டியர் கல்வெட்டுகளே சாட்சி. தலைநகரை அவை மாடக்குளக்கீழ் மதுரை என்று குறிக்கின்றன. மீனாட்சி கோயிலும் அரண்மனையும் இருந்த நகரத்தையே ஒரு கண்மாயின் பாசனப் பரப்புக்குள் வைத்து அடையாளம் சொன்ன வழக்கம் இது. இன்றைய மதுரைக்காரர் பலருக்கும் வியப்பாக இருக்கும். வைகைப் படுகையில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று ஆற்றில் மதகு அமைத்த செய்தியைச் சொல்கிறது. ஆற்று வெள்ளத்தைக் கரையிலிருந்து வெட்டிய கால்கள் வழியாகக் கண்மாய்க்குத் திருப்பும் ஏற்பாடு குறைந்தது 1,300 ஆண்டுப் பழையது என்று இதைக்கொண்டு சொல்லலாம். கோச்சடையின் காவல் தெய்வமான முத்தையா சாமி கோயில் ஐயனார் கோயில்தான். கண்மாய்க் கரையை ஐயனாரிடம் ஒப்படைப்பது பாண்டி நாட்டு வழக்கம்.

இந்த ஏற்பாட்டை ஓடவைத்தது குடிமராமத்து. பாசனம் பெறும் குடிகள் ஆண்டுதோறும் கால் வெட்டவும் கரை அடைக்கவும் ஆள் அனுப்ப வேண்டும். கோச்சடைக்குக் கிழக்கே அதே தென்கரையில் உள்ள புட்டுத்தோப்பில், ஆவணி மூலத் திருவிழாவின்போது சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடத்திக் காட்டப்படுகிறது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பங்கு பிரித்த கட்டாய வேலைதான் அந்தக் கதையின் முடிச்சு. பிட்டு விற்ற கிழவி வந்தியின் பங்குக்கு ஆள் இல்லாததால் கடவுளே கூலியாளாக வருகிறார். ஆங்கிலேயர் காலத்தில் இந்த வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டின் முதலாம் எண் சென்னைச் சட்டம் மராமத்துக்கு வர மறுத்தவரைத் தண்டிக்க வழி செய்தும் பழைய ஒழுங்கு முழுதாகத் திரும்பவில்லை.

மராமத்து வேலை செடிக்கு எதிரி போலத் தெரியும், உண்மை அப்படியல்ல. கால்களைத் தூர் வாரும்போது சம்பும் கோரையும் அகற்றப்பட்டு, கரையோரம் மறுபடி வெளிச்சம் படும். கோடையில் கண்மாயில் வெட்டிய கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். வளையத் தழும்புள்ள கிழங்கின் ஒரு துண்டு அந்த மண்ணோடு போனால் அடுத்த மழைக்கு வயலோரத்தில் முளைக்கும். களையெடுக்கும் பெண்கள் பிடுங்கி வரப்பில் எறிந்த துண்டும் ஈரம் கண்டால் வேர் விடும். இப்படியாக, யாரும் பயிரிடாத ஒரு செடி பயிரிடும் மனிதரின் பின்னாலேயே பரவியது.

இனி மருந்தின் கதை. மருத்துவ நூல்கள் அதிவிடயம் என்று சொல்வது முற்றிலும் வேறொரு செடி. இமயமலையில் 2,500 மீட்டருக்கு மேலே வளரும் அகோனிட்டம் ஹெட்டெரோஃபில்லம் அது. வச்சநாபி என்னும் கொடிய நஞ்சுக்கு உடன்பிறப்பாக இருந்தும் தான் நஞ்சாகாதது, கடும் கசப்புள்ளது. கழிச்சல், காய்ச்சல், செரியாமை ஆகியவற்றுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, சித்தரும் ஆயுர்வேதியரும் அதை நம்பினர். கோரைக்கிழங்கு, திப்பிலி, கற்கடகசிங்கி ஆகியவற்றோடு அதிவிடயமும் சேர்ந்த நான்கு சரக்குப் பொடி ஆயுர்வேதத்தில் பாலசதுர்பத்ரம் என்ற பெயரில் குழந்தை மருந்தாக வழங்குகிறது.

காசுமீர், இமாசலம், கர்வால் மலைகளில் தோண்டிய கிழங்கு அமிர்தசரஸ் போன்ற வட இந்தியச் சந்தைகளுக்கு இறங்கி, அங்கிருந்து பல கை மாறித் தெற்கே வந்தது. சென்னையில் ராசப்ப செட்டித் தெரு, மதுரையில் கீழமாசி வீதி என்று அதற்குரிய மொத்தக் கடைகள் இருந்தன. 1875இல் மதுரைக்கு ரயில் வந்தபின் வழி எளிதானாலும் விலை எளிதாகவில்லை. எட்டாத சரக்குக்கு மாற்று தேடுவது இந்திய மருந்து மரபில் ஒளிவுமறைவான காரியமுமில்லை. 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் கிடைக்காத மருந்துகளுக்கு மாற்றுச் சரக்குகளைப் பட்டியலிடும்போது அதிவிடயத்துக்குக் கோரைக்கிழங்கைச் சொல்கிறது. தென்னாட்டுக் கடைகள் இன்னொரு மாற்றையும் கண்டுகொண்டன. அதுதான் வாய்க்கால் சேற்றிலிருந்து பறித்துக் கழுவி, வேர் சீவி, வெயிலில் உலர்த்திய கிரிப்டோகொரைன் கிழங்கு. மற்றச் சரக்குகளோடு சேர்த்துக் கசாயமாக்கி, குழந்தைகளின் வாந்திக்கும் இருமலுக்கும், பெரியவர்களின் வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள். மலைச் சரக்கின் வேலைகளில் பெரும்பகுதியைச் சேற்றுச் சரக்கும் ஏற்றுக்கொண்டது என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

இந்தச் செடியை ஐரோப்பிய அறிவியல் முதலில் அறிந்ததும் தமிழ்க் கரையிலிருந்துதான். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயசின் மாணவர். டேனியர் ஆட்சியில் இருந்த அந்தச் சிறு துறைமுகத்தில் மிஷன் மருத்துவர்களும் போதகர்களும் செடி சேகரிப்பதை ஒரு தொண்டாகவே செய்தனர். பின்னாளில் பெரிய தமிழ் அகராதி தொகுத்த ரோட்லரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். கோனிக் பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்து 1785இல் இறந்தார். அவர் அனுப்பிய உலர்செடிகளைக்கொண்டு சுவீடனின் லுண்ட் நகரப் பேராசிரியர் ரெட்சியஸ் 1779இல் இதை ஆரம் ஸ்பைராலே என்று விவரித்தார். அப்போது சேம்புக் குடும்பத்தில் பாதியை ஆரம் என்ற ஒரே பெயருக்குள் அடைத்து வைத்திருந்தனர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரத் தோட்டத்தின் ஃபிஷர் இதற்கெனப் புதிய பேரினம் வேண்டும் என்று கருத, 1830இல் வைட்லர் அதை அச்சேற்றினார். பேரினத்தின் வகைமாதிரி இனம் ஸ்பைராலிஸ்தான். ஆகவே, போர்னியோக் காட்டிலோ சுமாத்திரா ஓடையிலோ கண்டெடுக்கும் ஒரு செடி கிரிப்டோகொரைனா இல்லையா என்ற வழக்கு எழுந்தால், ஒப்பிட வேண்டிய அளவுகோல் தரங்கம்பாடிச் சேற்றில் பறித்த அந்தச் செடி. ராக்ஸ்பர்க் விவரித்த இன்னொரு இந்திய இனமான ரெட்ரோஸ்பைராலிஸ் 1841இல் குந்த் என்பவரால் இதே பேரினத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அது ஓடைப் பாறைகளுக்கு இடையே வளர்வது. நஞ்சை வயலுக்கு உரியதல்ல.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர்களின் அக்கறை வேறு. சிப்பாய்களை வாரிக்கொண்டுபோன சீதபேதிக்கு அவர்கள் நம்பிய இபிகாக் வேர் பிரேசிலிலிருந்து வர வேண்டியிருந்தது. அதை நீலகிரியில் பயிரிட்டுப் பார்த்தார்கள். உள்நாட்டு மாற்றுகளையும் தேடினார்கள். 1868இல் வெளிவந்த இந்திய மருந்துநூலில் நஞ்சறுப்பான் என்ற நாட்டுக் கொடி இடம்பெற்றது இந்தத் தேடலால்தான். இபிகாக் வேரும் வளையம் வளையமாக இருப்பது. அந்தத் தோற்ற ஒற்றுமையால் கிரிப்டோகொரைன் கிழங்குக்கு இந்திய இபிகாக் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1890 முதல் 1893 வரை வெளிவந்த ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’வில் டைமாக், வார்டன், ஹூப்பர் மூவரும் இச்செடியை அதன் தமிழ்க் கடைப் பெயரோடு பதிவு செய்தனர். ஹூப்பர் உதகமண்டலத்தில் அரசின் கொயினா வேதியியலாளராக இருந்தவர்; தென்னாட்டுக் கடைச்சரக்கு அந்த நூலில் இவ்வளவு விரிவாக இடம்பெற்றதற்கு அவர் இருந்த இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே உதகமண்டலப் பதவியில் முன்பு இருந்த பிராட்டன், 1870களில் உண்மை அதிவிடயத்திலிருந்து அடிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்திருந்தார்.

இரண்டு கிழங்கும் ஒன்றல்ல என்பது இதனால் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒன்று இருவித்திலை, மற்றது ஒருவித்திலை. வேதிப் பொருளிலும் உறவில்லை. கையில் வைத்துப் பார்த்தாலே பிரித்துவிடலாம். மலை அதிவிடயம் அடி கூம்பி, வெளியே சாம்பல் நிறமும் முறித்தால் உள்ளே மாவெள்ளையுமாக இருக்கும். நாட்டு அதிவிடயம் உருளையாக, பழுப்பாக, வளையத் தழும்புகளோடு இருக்கும். பொடியாக்கிவிட்டால்தான் சிக்கல். அப்போது உருப்பெருக்கியின் கீழ் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களைத் தேட வேண்டும். சேம்பை அரிந்தால் கையை அரிக்கவைப்பவை அந்த ஊசிகளே. சேம்புக் குடும்பத்துக்கு அவை பொது அடையாளம். இந்திய ஆயுர்வேத மருந்துநூல் அதிவிடை என்ற பெயருக்கு அகோனிட்டத்தை மட்டுமே ஏற்கிறது. எனினும் பழைய கடைக்காரரைக் கலப்படக்காரர் என்று ஒரே வீச்சில் ஒதுக்குவது நியாயமாகாது. நாட்டுச் சரக்கு என்று பெயரிலேயே சொல்லி விற்றது மாற்று. சொல்லாமல் கலந்து விற்றதுதான் மோசடி. இரண்டும் ஒரே வீதியில் நடந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பேரினத்துக்கு மருந்தைவிடப் பெரிய சந்தை ஒன்று திறந்தது: கண்ணாடி மீன்தொட்டி. இங்கே முன்னுக்கு வந்தவை இலங்கை இனங்கள். அந்தத் தீவில் ஏறத்தாழப் பத்து இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் பெக்கெட்டியும் வால்கெரியும் ஐரோப்பியத் தொட்டிகளில் பரவின. 1958இல் டச்சுத் தாவரவியலாளர் டி விட் பெயரிட்ட வெண்ட்டியை இன்று உலகெங்கும் கடைகளில் வாங்கலாம். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் சந்தையிலும் கிரிப்டோ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது வெண்ட்டியைத்தான். தொட்டியில் தண்ணீர் மாறினால் இலைகள் ஓரிரு நாளில் கரைந்துபோவது இச்செடி வளர்ப்போருக்குப் பழகிய தலைவலி; கிழங்கை எறிந்துவிடாமல் பொறுத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். கோடைக் கண்மாயில் இலையை இழந்து கிழங்கைக் காக்கும் அதே பழக்கம்தான் தொட்டியிலும் வேலை செய்கிறது. தொட்டியிலிருந்து தப்பிய பெக்கெட்டி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்கோஸ் ஆற்றில் பரவி, அங்கு மட்டுமே வளரும் காட்டு அரிசி ஒன்றுக்கு ஆபத்தாகுமென்ற அச்சத்தில் 1990களுக்குப் பிறகு தோண்டி அகற்றப்பட்டது.

மதுரைச் சமவெளியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபோது வைகையின் பேரணையிலிருந்து அதன் பெரும்பங்கு வடகரைக்கும் மேலூர்ப் பக்கத்துக்கும் திருப்பப்பட்டது. தென்கரைப் பழைய கால்கள் பெரிதும் வைகையின் சொந்த வெள்ளத்தையே நம்பியிருந்தன. 1959இல் வைகை அணை திறந்தபின் அந்த வெள்ளமும் அணைத் திறப்பின் கணக்குக்கு வந்தது. அதுவரைகூடச் செடிக்குப் பெரிய கேடில்லை. வறண்ட காலம் நீண்டால் கிழங்கு பொறுத்துக்கொள்ளும். நகரம் மேற்கே நகர்ந்ததுதான் கேடாயிற்று. 1970களில் மதுரா மில்ஸ் நிறுவனத்துக்காக இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த மதுரை கிளப் கோச்சடையில் எழுந்தபோது சுற்றிலும் வயலும் தோப்பும் இருந்தன. அந்த வளாகம் இன்று விடுதியாகியிருக்கிறது, வயல்கள் மனைகளாகியிருக்கின்றன. நகரின் மறுபக்கத்திலும் இதே கதை: உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் இயங்குவது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்.

மண்கரை வாய்க்காலுக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் செடி வேரூன்றச் சேறு கிடைப்பதில்லை. சாக்கடை கலந்தால் அதைவிட மோசம். வாய்க்கால் ஆண்டு முழுதும் ஈரமாக இருக்கும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை அதன்மேல் மூடிவிடும், சேறு காய்ந்து வெளிப்படும் மாதங்களே இல்லாமல் போகும். வறட்சியில் பிழைக்கத் தெரிந்த செடிக்கு ஓயாத கழிவுநீரில் பிழைக்கத் தெரியாது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே கண்மாய்களைத் தூர் வாரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பொக்லைன் அள்ளிய மண்ணில் வயலுக்குப் போவதும் உண்டு, கட்டட மனைக்கு அடியில் போவதும் உண்டு.

இந்திய அளவில் கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ் அழிவின் விளிம்பில் இல்லை. மேற்குக் கரையிலும் தெற்கிலும் வயல்கள் உள்ள இடங்களில் பரவலாகவே கிடைக்கிறது. அருகிவிட்டது மலை அதிவிடயம். பல ஆண்டுகளாக வேரோடு தோண்டியதால் அது இமயத்தில் குறைந்து, கிலோவுக்கு ஆயிரக்கணக்கான ரூபாய் விலை ஏறியிருக்கிறது. விலை ஏறும்தோறும் மாற்றுச் சரக்கின் தேவையும் ஏறும். மதுரைக் கடைகளுக்கு அது இனி வர வேண்டுமானால், கோச்சடையைப் போன்ற நகரோர ஊர்களைத் தாண்டி, இன்னும் மண்கரை வாய்க்காலும் ஒருபோக நெல்லும் மிஞ்சியிருக்கும் பக்கங்களிலிருந்துதான் வர வேண்டும்.